கூறு போட்ட தினவு

துரைப்பழம் ஹில்டாவின் மணிக்கட்டில் பட்டையைக் கட்டி முடிப்பதற்குள் முள் எழுந்துவிட்டது. மேசைமேல் இருந்த கருவியின் வட்டத்தில் அது நிதானமாக நகர்ந்து, வலது ஓரம் வரை போய், அங்கே முட்டிக்கொண்டு நின்றது.

அவர் கருவியை விரலால் இரண்டு தட்டு தட்டினார். முள் அசையவில்லை.

"எதுலம்மா ஒங்களுக்கு?"

"சீட்டு," என்றாள் ஹில்டா. "போன்ல ரம்மி."

"டீச்சர்னு சொன்னியளே."

"கணக்கு டீச்சர்."

"கணக்குத் தெரிஞ்சவியளே சீட்டுல போய் விழுந்தா மத்தவன் என்னத்த செய்வான்!" அவர் சிரித்தார். முன்பல் ஒன்று இல்லை.

ஹில்டா சிரிக்கவில்லை. அவள் சீட்டைக் கையால் தொட்டதில்லை. எப்போது தொடங்கியது, எப்படி முற்றியது என்று ஒரு கதையை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தாள். அவர் எதையும் கேட்கவில்லை. கருவி தன்னைக் காட்டிக் கொடுத்துவிடுமோ என்றுதான் படியேறும்போது பயந்தாள். கொடுக்கவில்லை. இயந்திரம்தானே, ஏமாந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

"இது எதுல தினவுன்னு சொல்லாது," என்றார் துரைப்பழம். "எவ்வளவு தினவுன்னுதான் சொல்லும். குடிகாரனுக்கும் முள்ளு எந்திக்கும், சூதாடிக்கும் எந்திக்கும். எதுலன்னு நாங்களும் நோண்ட மாட்டோம். நீங்களா சொன்னா உண்டு."

"அப்புறம்?"

"அப்புறம் கூறு போட்டுரும். கறிக் கூறு போடுவாவள்லா, அதே மாதிரி. நம்மள்ல ஒருத்தனுக்குத் தினவெடுத்துன்னா, பட்டை அதைப் பிரிச்சு எல்லார் கைக்கும் அனுப்பிரும். ஒருத்தன் தாங்க முடியாததை எட்டுப் பேரு தாங்கிரலாம். வீட்ல இருந்தாலும் சரி, சோலியில இருந்தாலும் சரி, ஊருக்குள்ள எங்க இருந்தாலும் வரும்."

"பெறகு எதுக்கு இங்கன வந்து உக்காரணும்?"

"மூஞ்சியப் பாக்கத்தான். மூஞ்சி தெரியாதவனுக்கு எவன் தாங்குவான்?"

ஹில்டா பட்டையைப் பார்த்தாள். சாம்பல் நிற ரப்பர். கடிகாரம் இல்லாத கடிகார வார் மாதிரி இருந்தது.

"கழட்டினா?"

துரைப்பழத்தின் முகம் மாறியது. "கழட்டினா ஒங்க கூறு உடையவன் தலையில திரும்பிப் போய் விழும். இங்க அதைவிடப் பெரிய துரோகம் கெடையாது. குளிக்கும்போதுகூடக் கழட்டப்புடாது."

ஹில்டா தலையசைத்தாள். ஊருக்குள் இதைக் கேள்விப்பட்டிருந்தாள். கழற்றத்தான் வந்திருந்தாள்.

*

வட்டம் கூடும் இடம் தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில், ஒரு ஐஸ் பேக்டரியின் மாடி. தரை எப்போதும் சில்லிட்டிருக்கும். கீழே ஐஸ் கட்டியை உடைக்கும் சத்தம் பேச்சுக்கு நடுவே கேட்டுக்கொண்டே இருக்கும். பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். வாசலில் ஒரு வாளி. உள்ளே வருகிறவர்கள் போனை அதில் போட்டுவிட வேண்டும்.

அங்கே ஒருவரையொருவர் பங்காளி என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். பெண்களையும் அப்படித்தான்.

"வாங்க பங்காளி, உக்காருங்க," என்றார் சகாயம். லாரி ஓட்டியவர். குடியை விட்டவர். வட்டத்தில் எல்லோரையும் சிரிக்க வைக்கும் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டிருந்தார். தன் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். "பட்டை அடிச்சவன் கையிலேயே பட்டையக் கட்டிட்டானுவ, பாத்தியளா டீச்சர்!"

சிலர் சிரித்தார்கள். ஹில்டா எதிரே இருந்த நாற்காலியைப் பார்த்தாள். அதில் உட்கார்ந்திருந்தவன் சிரிக்காமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பார்த்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

இன்பராஜ்.

ஹில்டாவின் மகன் ரீகன் துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதும் வேலையில் சேர்ந்து ஒரே ஒரு சம்பளம்தான் வாங்கியிருந்தான். அந்தச் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு மிக்ஸி எடுத்துக் கொடுத்தான். அடுத்த சம்பளத்துக்கு முன்னால் ஒரு கன்டெய்னர் அவன்மேல் இறங்கியது. கிரேன் கேபினில் இருந்தவன் இன்பராஜ். பிரேக் பிடிக்கவில்லை என்று விசாரணையில் எழுதி முடித்தார்கள்.

ரீகனோடு கீழே நின்ற ஒருவன் கல்லறையில் வைத்து அவள் காதருகே சொன்னான். "அவன் மூஞ்சியில போன் வெளிச்சம் அடிச்சுதுக்கா. அன்னைக்கு மேட்ச். பந்துக்குப் பந்து பந்தயம் கட்டுத பய." விசாரணையில் அதே ஆள் எதையும் பார்க்கவில்லை என்றான். அவனுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள்.

ரீகனின் ஹெல்மெட் வீட்டுக்கு வந்தது. மஞ்சள் நிறம். அதில் ஒரு கீறல்கூட இல்லை.

அதன் பிறகுதான் துறைமுகம் எல்லாருக்கும் பட்டை கட்டிச் சோதித்தது. இன்பராஜுக்கு முள் எழுந்தது. கிரேனிலிருந்து இறக்கிக் குடோனில் போட்டார்கள். வட்டத்துக்குப் போய், இந்த சீசன் முடியும் வரை பந்தயத்தைத் தொடாமல் இருந்தால் மறுபடியும் கிரேன் என்று சொன்னார்கள். கோயில் வாசலில் இரண்டு பெண்கள் இதைப் பேசிக்கொண்டு போனபோது ஹில்டா காதில் விழுந்தது.

மறுபடியும் ஏறப்போகிறான். மேலே உட்கார்ந்து கீழே பார்க்கப்போகிறான்.

அவள் அன்று மாலையே ஐஸ் பேக்டரியின் படியேறினாள்.

*

வட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு தாங்கு பங்காளி உண்டு. ஒருவனுடைய தினவில் பாதி அவனுடைய தாங்கு பங்காளிக்குப் போகும். மீதிப் பாதிதான் மற்றவர்களுக்குக் கூறாகும். இன்பராஜுக்குத் தாங்கு பங்காளியாக இருந்தவர் மகளைப் பார்க்க மஸ்கட் போய்விட்டார். அந்த இடம் காலியாக இருந்தது. எப்படிக் கேட்பது என்று ஹில்டா யோசித்துக்கொண்டிருந்தபோது அவனே கேட்டான்.

கூட்டம் கலையும் நேரம். எல்லாரும் வாளியிலிருந்து போனை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவன் அவளருகே வந்து நின்றான். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாதவனைப்போல் பின்னால் கட்டிக்கொண்டான்.

"டீச்சர், எனக்குத் தாங்கு பங்காளியா இருப்பியளா?"

"நானா? நான் வந்தே நாலு நாளாவல."

"ஒங்களுக்கும் ஆளு வேணும்லா. நான் ஒங்களோடதைத் தாங்குதேன். நீங்க என்னோடதைத் தாங்குங்க."

"யோசிச்சுத்தான் கேக்கியளா?"

"யோசிச்சுத்தான் கேக்கேன்."

துரைப்பழம் இருவருடைய பட்டையையும் கருவியின்மேல் சேர்த்து வைத்து ஒரு பொத்தானை அழுத்தினார். "இனி நீங்க ரெண்டு பேரும் ஒட்டுப் பங்காளி," என்றார். "ஒருத்தரை ஒருத்தர் விட்றாதிய."

ஹில்டாவுக்கு உள்ளே ஏதோ துள்ளியது. பாதி. பாதி அவள் கையில். மேட்ச் நாளாகப் பார்த்து, தினவு உச்சியில் நிற்கும்போது இந்தப் பட்டையைக் கழற்றிவிட்டால் போதும். பாதி மலையும் திரும்பி அவன் தலையில் விழும்.

கீழே இறங்கும்போது அவன் மனைவி ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஜான்ஸி. கைக்குழந்தையைத் தோளில் போட்டிருந்தாள். எல்லாக் கூட்டத்துக்கும் அவளே கொண்டுவந்து விட்டு, அவளே கூட்டிக்கொண்டு போவாள். ஹில்டாவைப் பார்த்ததும் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு தலைகுனிந்தாள். டீச்சருக்குக் கொடுக்கிற மரியாதை என்று ஹில்டா எடுத்துக்கொண்டாள்.

*

முதல் கூறு பள்ளிக்கூடத்தில் வைத்து வந்தது. ஒன்பதாம் வகுப்பு. கரும்பலகையில் பின்னம் எழுதிக்கொண்டிருந்தாள். மணிக்கட்டு சுட்டது. அடுத்த கணம் இன்பராஜின் கழுத்து அவள் கண்முன் வந்தது. சுண்ணாம்புக்கட்டி கையிலேயே ஒடிந்தது. பற்கள் கிட்டித்தன. அவன் முகத்தைத் தரையில் வைத்துத் தேய்க்க வேண்டும் என்று இருந்தது. முன் பெஞ்சில் இருந்த சிறுமி, "டீச்சர், உடம்புக்கு என்ன?" என்று கேட்டாள்.

அவனுக்குத் தினவெடுத்திருக்கிறது, எனக்கு அவன் ஞாபகம் வந்துவிட்டது என்றுதான் ஹில்டா நினைத்தாள்.

அந்த வாரக் கூட்டத்தில் சகாயம் ஒரு சந்தேகம் கேட்டார்.

"அண்ணாச்சி, இந்த இன்பராஜ் பங்காளிக்கு மேட்ச்சுத் தினவெடுத்தா எனக்கு எதுக்கு வே பிராந்தி வாசம் வருது? நான் பிறந்ததுல இருந்து ஒரு மேட்ச்சு பாத்ததில்ல."

"அது அப்படித்தான் வரும்," என்றார் துரைப்பழம். "கருவாட்டுக் கூடையில மாம்பழத்தப் போட்டு எடுத்தா என்ன வாசம் வரும்? கருவாட்டு வாசம்தான். கூறு வாங்குதவனுக்குள்ள எது கெடக்கோ அந்த வாசத்துலதான் வரும். குடிகாரனுக்குக் குடியா வரும். சூதாடிக்குச் சூதா வரும்."

"அப்ப நம்ம டீச்சருக்கு என் குடி சீட்டாவா வருது?"

"வரும்லா. என்ன டீச்சர்?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"ஆமா," என்றாள் ஹில்டா. "சீட்டாத்தான் வருது."

அவள் குரல் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளங்கால் வழியே தரையின் குளிர் ஏறுவதை உணர்ந்தாள். கீழே ஐஸ் உடைபட்டது.

கருவி ஏமாறவில்லை. அவள் மணிக்கட்டில் எதைப் பார்த்ததோ அதைத்தான் காட்டியது. குடிக்கிறவனுக்குக் குடி எப்படியோ, அவளுக்கு இன்பராஜ் அப்படி. காலையில் கண் விழித்ததும் அவன். சோறு பிசையும்போது அவன். படுக்கும்போது அவன். அந்தத் தினவில் பாதி தினமும் அவன் கைக்கே போய்க்கொண்டிருக்கிறது. அவனுக்குள் கிடப்பது பந்தயம். அங்கே அது பந்தயமாகத்தான் போய் இறங்கும்.

அவள் வெறுக்க வெறுக்க, அவனுக்குக் கை அரிக்கும்.

படியில் இறங்கும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. ரீகன் போன பிறகு வந்த முதல் சிரிப்பு. பட்டையைக் கழற்றத் தேவையே இல்லை. கட்டிக்கொண்டு இருந்தாலே போதும்.

*

அதன் பிறகு அவள் அதை ஒரு வேலையாகச் செய்தாள். மாலை பள்ளி விட்டு வந்ததும் முகம் கழுவுவாள். டிவியில் மேட்ச் தொடங்கும் நேரத்தில் ரீகனின் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள். உள்ளே கையை விட்டு வாரைத் தடவுவாள். வியர்வை உப்பு அதில் இன்னும் இருந்தது. அந்தக் கீறல் இல்லாத மஞ்சளைப் பார்ப்பாள். சவப்பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று சொன்ன டாக்டரின் குரலை ஞாபகப்படுத்திக்கொள்வாள். கேபின் கண்ணாடிக்குப் பின்னால் நீல வெளிச்சம் விழுந்த முகத்தை, தான் பார்க்காத அந்த முகத்தை, மனதில் வரைந்து வரைந்து கூர்மையாக்குவாள். மணிக்கட்டு சுடும். போ என்பாள். போய் அவனைப் பிடி.

இன்பராஜ் இளைத்தான். கண்ணுக்குக் கீழே கருத்தது. கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போது அவன் வலது கைக் கட்டைவிரல் தொடையில் தானாகத் தட்டிக்கொண்டே இருந்தது. போன் திரையைத் தட்டுவதுபோல.

"விடாத பங்காளி," என்பார் சகாயம். "சீசன் முடிய இன்னும் கொஞ்ச நாளுதான். பெறகு நீ மேல, நாங்க கீழ. மேல இருந்து எங்க தலையில துப்பிராத, என்னா?"

அவன் சிரிக்க முயல்வான். ஹில்டா அந்த முயற்சியைக் கூர்ந்து பார்ப்பாள்.

ஒரு நாள் சகாயம் வரவில்லை. அடுத்த கூட்டத்துக்கும் வரவில்லை. பழைய பஸ் ஸ்டாண்டில் விழுந்து கிடந்தவரை யாரோ வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்ததாகத் துரைப்பழம் சொன்னார். அன்றுதான் சகாயத்தின் மகளுக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீட்டார் தட்டோடு வந்து, தட்டோடு திரும்பிப் போனார்களாம்.

"நாலு வருஷம் வாயில வைக்காத மனுசன்," என்றார் துரைப்பழம். "எப்படி விழுந்தாருன்னு தெரியல. இப்பல்லாம் வட்டமே கனக்கு."

கூட்டம் முடிந்ததும் அவர் ஹில்டாவை நிறுத்தினார். பட்டையைக் கருவியில் வைத்தார். முள் போய் வலது ஓரத்தில் முட்டியது.

"டீச்சர், தப்பா எடுக்காதிய. ஆளு வந்து சேந்தா முள்ளு பைய எறங்கும். ஒங்களுக்கு ஏறிக்கிட்டேல்லா இருக்கு?"

"சீட்டு லேசுல விடுமா அண்ணாச்சி?"

"ஆடுதியளா?"

"இல்ல. சத்தியமா ஒரு ஆட்டம் ஆடல."

அவர் அவளை நம்பினார். உண்மைதானே.

அன்று வீட்டில் அவள் ஹெல்மெட்டை எடுக்கவில்லை. சகாயத்தின் மகளுக்கு என்ன வயது இருக்கும் என்று யோசித்தாள். அவருக்குப் போனது சின்னப் பின்னம். பாதி இன்பராஜுக்கு. மீதியில் ஒரு கூறு. ஆனால் விளிம்புவரை நிறைந்த குடத்துக்கு அது போதும். அவள் அதைக் கணக்காக அறிவாள். எழுந்து விளக்கைப் போட்டாள். ஜன்னலோரமாக நின்றாள். பக்கத்து வீட்டு டிவியில் மேட்ச் சத்தம் கேட்டது. கூட்டம் ஆர்ப்பரித்தது.

ஹெல்மெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

*

சீசனின் கடைசி மேட்ச் அன்று மாலை துரைப்பழம் எல்லாரையும் கூப்பிட்டிருந்தார். இன்பராஜ் தனியாக இருக்க வேண்டாம், நாம் எல்லாரும் சுற்றி உட்காருவோம் என்றார்.

ஹில்டா சீக்கிரமே வந்துவிட்டாள். இன்பராஜ் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"உள்ள போகலியா?"

"ஒங்களுக்காவத்தான் நிக்கேன், டீச்சர்."

"என்ன?"

அவன் படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். கட்டைவிரல் அதிலும் தட்டியது.

"நான் ஒரு பையனக் கொன்னுட்டேன்."

ஹில்டாவின் கை பட்டைக்குப் போனது.

"பிரேக்குன்னு சொன்னாவ. பிரேக்கு நல்லாத்தான் இருந்துச்சு. ஒரு பந்துதான் பாக்கலாம்னு குனிஞ்சேன். நிமிந்து பாக்கும்போது கயிறு தளர்ந்து கெடக்கு. ரீகன்னு பேரு. கீழ இருந்து எனக்குக் கையக் காட்டிச் சிரிப்பான். காலையில சோலிக்கு வந்ததும் எனக்குத்தான் மொத வணக்கம் சொல்லுவான்."

அந்தப் பெயரை இவ்வளவு பக்கத்தில் யாரும் சொல்லிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. அவளுக்கு வேண்டியிருந்தது இதுதான். இவன் வாயால் இது. இதற்காகத்தான் விசாரணை நடந்த அறைக்கு வெளியே வெறும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இப்போது வந்துவிட்டது. ஒரு ஐஸ் பேக்டரியின் மாடிப்படியில், சாட்சி யாருமில்லாமல்.

"இத எதுக்கு எங்கிட்ட சொல்லுதிய?"

"தாங்கு பங்காளிட்டதான சொல்லணும்?" அவன் அவள் முகத்தைப் பார்த்தான். முதல் நாள் பார்த்ததுபோல. இந்த முறை கண்ணைத் தாழ்த்தவில்லை. "ஒங்க தினவு பெருசு டீச்சர். எனக்குத் தெரியும். நான் தாங்குத மட்டும் தாங்குதேன்."

இவனுக்கு என்ன தெரியும் என்று நினைத்தாள். மணிக்கட்டு சுட்டது. அவனுடைய தினவுதான் ஏறி வந்தது. மேட்ச் தொடங்கியிருக்க வேண்டும். அவளுக்குள் அது இறங்கியபோது வழக்கம்போல அவன் கழுத்தாக வந்தது. அதில் எது தன்னுடையது, எது அவனிடமிருந்து வந்தது என்று அவளால் பிரிக்க முடியவில்லை. பிரிக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

"உள்ள வாங்க," என்றாள். "நேரமாச்சு."

வட்டமாக உட்கார்ந்தார்கள். துரைப்பழம் கண்ணை மூடச் சொன்னார். ஹில்டா கண்ணை மூடினாள். ஹெல்மெட் இல்லாமலேயே அவளால் முடிந்தது. ரீகன் கீழே நின்று கையைக் காட்டிச் சிரிக்கிறான். மேலே நீல வெளிச்சம். இப்போது அவளிடம் அவன் சொன்னதும் இருந்தது. ஒரே ஒரு பந்து. அவள் இதுவரை அனுப்பாத அளவுக்கு அனுப்பினாள். யாரோ முனகினார்கள். யாரோ ஒரு பெண் அழத் தொடங்கினாள். துரைப்பழமே நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்தார்.

நாற்காலி நகர்ந்த சத்தம். ஹில்டா கண்ணைத் திறந்தபோது இன்பராஜ் வாசலில் இருந்தான். வாளியில் கையை விட்டுப் போனைத் தேடி எடுத்தான்.

"இன்பராஜ்! ஏல, நில்லு!" என்றார் துரைப்பழம்.

அவன் இறங்கிவிட்டான். கீழே ஸ்கூட்டர் கிளம்பியது.

"ஜான்ஸி கீழ நிப்பா, பிடிச்சுருவா," என்றார் யாரோ.

ஜான்ஸி பிள்ளைக்கு இருமல் மருந்து வாங்க எதிரே இருந்த கடைக்குப் போயிருந்தாள்.

ஹில்டா மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டாள். அவன் வண்டி ஓட்டுகிறான். ஒரு கையில் போன். அவளுக்குத் தெரிந்தது. அனுப்பினாள்.

பள்ளியில் பெஞ்சை இரண்டு பேர் தூக்கிப் போவார்கள். மறுமுனையில் இருக்கிறவன் சொல்லாமல் கையை விட்டால் மொத்தக் கனமும் ஒரு பக்கம் சரியும். அப்படித்தான் இருந்தது. அனுப்பிய பாதி சட்டென்று அவளிடமே திரும்பி வந்தது. அவள் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தாள்.

"என்ன டீச்சர்?" என்று துரைப்பழம் ஓடி வந்தார்.

"பட்டையக் கழட்டிட்டான்," என்றார் பக்கத்தில் இருந்தவர்.

அவன் கழற்றவில்லை என்று ஹில்டாவுக்குத் தெரியும். வாங்குவதற்கு அந்தப் பக்கம் ஆள் இல்லை.

துறைமுகச் சாலைத் திருப்பத்தில் நின்றிருந்த டிரெய்லரின் பின்னால் அவன் ஸ்கூட்டர் போய் மோதியிருந்தது. கண் போனில் இருந்திருக்கிறது என்றார் பார்த்தவர். போனில் மேட்ச் ஓடிக்கொண்டே இருந்ததாம்.

*

ஹில்டா மகிழ்ந்தாள். அதை மறைக்க அவளுக்கு யாரும் இல்லை. அன்று அவள் நன்றாகச் சாப்பிட்டாள். வட்டம் முழுவதும் அடக்கத்துக்குப் போனபோது அவளும் போய், பின்வரிசையில் நின்று, பெட்டி குழிக்குள் இறங்குவதைக் கடைசிவரை பார்த்தாள். அந்தப் பெட்டியையும் திறக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். சரி என்றிருந்தது.

வெறுக்க ஆள் இல்லாதபோது வெறுப்பு எத்தனை நாள் நிற்கும்? மழைக்காலம் தொடங்கி ஓய்வதற்குள் வடிந்துவிட்டது. துரைப்பழம் பட்டையைக் கருவியில் வைத்தார். முள் படுத்துக் கிடந்தது. தட்டினார். எழவில்லை.

"டீச்சர்!" என்றார். அவர் கண் கலங்கியது. "இந்த ஒரு நல்ல சேதியாவது வந்துச்சே."

முள் படுத்துவிட்டால் வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. குணமானவர் எல்லாருக்கும் மக்ரூன் வாங்கிக் கொடுக்க வேண்டும். துரைப்பழம் பட்டையைக் கழற்றுவார். எல்லாரும் கை தட்டுவார்கள். ஹில்டா ஒரு பெட்டி வாங்கி வந்தாள். சகாயம் வரவில்லை. அவர் நாற்காலியை யாரும் எடுக்கவில்லை. இன்பராஜின் நாற்காலியையும்.

துரைப்பழம் அவள் பட்டையின் கொக்கியைத் தளர்த்தும்போது வாசலில் யாரோ வந்து நின்றார்கள். வாளியில் போன் விழும் சத்தம் கேட்டது.

ஜான்ஸி. குழந்தை இல்லாமல் வந்திருந்தாள்.

"வாம்மா," என்று எழுந்தார் துரைப்பழம். "என்னம்மா இவ்வளவு தூரம்?"

"என்னையும் சேத்துக்கிடுங்க."

அவர் புதிய பட்டை ஒன்றை எடுத்து அவள் கையில் கட்டினார். கட்டி முடிப்பதற்குள் முள் எழுந்தது. நிதானமாக நகர்ந்து வலது ஓரத்தில் போய் முட்டி நின்றது.

"எதுலம்மா ஒனக்கு?"

"சீட்டு," என்றாள் ஜான்ஸி. "போன்ல ரம்மி."

ஹில்டா கையில் மக்ரூன் பெட்டி இருந்தது. அதை எங்கேயாவது வைக்க வேண்டும்போல இருந்தது. ஜான்ஸி அவளிடம் வந்தாள். பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தாள். வாயில் போடவில்லை. மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

"விசாரணை நடந்தப்ப நீங்க வெளிய பெஞ்சில இருந்திய. எதுத்த பெஞ்சில நான் இருந்தேன். நீங்க என்னைப் பாக்கல. நான் பாத்தேன்."

ஹில்டா பெட்டியின் மூடியைச் சாத்தினாள்.

"இங்கன நீங்க மொத நாளு படி ஏறும்போதே அவியட்ட சொன்னேன். அந்தப் பையனோட அம்மா, வேற வட்டத்துக்குப் போயிருவோம்னு கெஞ்சினேன். கேக்கல. அந்தம்மா கொஞ்சம் எறக்கி வச்சா எறக்கி வைக்கட்டும், நான் தாங்குதேன்னாவ." மக்ரூன் அவள் விரலில் நொறுங்கியது. "தெரிஞ்சுதான் டீச்சர் ஒங்ககிட்ட கேட்டாவ."

கீழே ஐஸ் உடைபட்டுக்கொண்டிருந்தது. நான் தாங்குத மட்டும் தாங்குதேன். ஹில்டா அவனிடமிருந்து எடுத்ததாக நினைத்ததை அவன் கொடுத்திருக்கிறான். இத்தனை நாள் அவளுக்கு இனித்தது அவன் நீட்டிய கையிலிருந்து வந்தது.

"தாங்கு பங்காளி யாரைம்மா போடட்டும்?" என்று துரைப்பழம் மேசையிலிருந்து கேட்டார். "புதுசா வந்தவியளுக்கு உடனே போடணும்னு இல்ல. பையப் போட்டுக்கிடலாம்."

"இவியளப் போடுங்க," என்றாள் ஜான்ஸி.

"டீச்சருக்கு இன்னைக்குப் பட்டை கழட்டுதோம்மா. அவியளுக்குக் குணமாயிட்டு."

ஜான்ஸி ஹில்டாவையே பார்த்தாள். முகத்தில் கண்ணீர் இல்லை. ஹில்டா அந்த முகத்தை அறிவாள். ஒரு வருடமாகக் கண்ணாடியில் பார்த்த முகம்.

பட்டை மணிக்கட்டில் தளர்ந்து தொங்கியது. கையை உதறினால் விழுந்துவிடும். கை தட்டுவார்கள். வீட்டுக்குப் போகலாம். ரீகனின் மிக்ஸியில் சட்னி அரைக்கலாம்.

அவன் தெரிந்தே நீட்டியிருந்தான். அவனைவிடக் குறைந்தவளாக இருக்க அவளுக்கு மனம் வரவில்லை.

அவள் மக்ரூன் பெட்டியைச் சகாயத்தின் நாற்காலியில் வைத்தாள். கொக்கியை இழுத்து, பழைய துளையைத் தாண்டி அடுத்த துளையில் மாட்டினாள். கையைக் கருவியின்மேல் வைத்தாள். பக்கத்தில் ஜான்ஸியின் கை வந்து உட்கார்ந்தது.

துரைப்பழம் பொத்தானை அழுத்தினார்.

மணிக்கட்டு சுட்டது. பாதி வந்தது. வந்த கூறு ஆளைத் தேடி எங்கும் போகவில்லை, அவள்மேலேயே இறங்கியது.